வட்டிக்குப் பூட்டு, சாவி வட்டிக்காரரிடம்

கௌடில்யருக்கு வட்டி மேல் கோபமே கிடையாது. கணக்குக்கு அடங்காத வட்டி மேல்தான் கோபம். ஓட்டல் சுவரில் தோசை விலை எழுதிப் போடுகிற மாதிரி, அர்த்தசாஸ்திரத்தில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் என்றால் தர்ம வட்டி. வியாபாரத்துக்கு வாங்கினால் ஐந்து. காட்டு வழியாகச் சரக்குக் கொண்டுபோகிறவருக்குப் பத்து. கடலில் போகிறவருக்கு இருபது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 15 சதவிகிதத்தில் ஆரம்பித்து 240-இல் போய் நிற்கிறது. வழியில் வியாபாரியைப் புலி அடித்தாலும் சுறா விழுங்கினாலும் கடன் கொடுத்த புண்ணியவானுக்குக் கையைக் கடிக்கக் கூடாதல்லவா!

அதற்கு மேல் வாங்கினால் அபராதம். வாங்கியவனுக்கு மட்டுமில்லை, வாங்க வைத்தவனுக்கும் உண்டு. பக்கத்தில் நின்று பேரத்தைக் காதில் போட்டுக்கொண்ட சாட்சிகளுக்கும் தலைக்குப் பாதி அபராதம். இந்த ஒரு விதியை நம்மூர் டீக்கடை பெஞ்சில் அமல்படுத்தினால் ஒரே வாரத்தில் கஜானா நிரம்பிவிடும்.

கௌடில்யருக்கு ஈரமும் உண்டு. நோயாளி, குருகுலத்தில் படிக்கிற பையன், வயது வராதவன், ஒன்றுமில்லாத ஏழை ஆகியோர் பட்ட கடனுக்கு வட்டி ஏறாது என்கிறார். உழவனை வயல்வேலை நேரத்திலும், அரசு ஊழியனைப் பணி நேரத்திலும் கடனுக்காகப் பிடிக்கக் கூடாதாம். அரசு ஊழியர் வேலை செய்கிற நேரம் என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

எல்லாம் சரி. வட்டியே ஏறாது என்று எழுதிவைத்துவிட்டால் அந்த ஏழைக்கு எவன் கடன் கொடுப்பான்? இதற்கு மட்டும் அர்த்தசாஸ்திரத்தில் பதில் இல்லை. இந்த ஒரு கேள்வியைச் சௌகரியமாக ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அப்புறம் வந்த அரசாங்கங்களும் வட்டிக்குச் சட்டம் எழுதிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒதுக்கிய கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் வட்டிக்காரர் ஒருவர்தான்.

மனுவின் வழி வேறு. அவர் தொழிலைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார். நூற்றுக்கு மாதம் பிராமணனிடம் இரண்டு, சத்திரியனிடம் மூன்று, வைசியனிடம் நான்கு, சூத்திரனிடம் ஐந்து. இன்றைக்கு வங்கிக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தட்டி கிரெடிட் ஸ்கோர் பார்க்கிறார்கள். மனுவுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. தொட்டிலை எட்டிப் பார்த்தாலே ஸ்கோர் தெரிந்துவிட்டது. ஒரே தடவையில் வசூலிக்கிற வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றும் அவரே சொல்லிவைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாய் நீதிமன்றங்கள் இதைத் ‘தாம்துபட்’ என்ற பெயரில் கடைப்பிடித்தன. சென்னை மாகாண நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கவில்லை. ஆக, மனுவிடமிருந்து நமக்கு ஐந்து வட்டி வந்து சேர்ந்தது, வரம்பு வந்து சேரவில்லை.

சோழர்கள் வட்டியைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்களோ இல்லையோ, பணத்தை நன்றாகவே வட்டிக்கு விட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால், கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்துப் பொலிசை, அதாவது வட்டி, வாங்கிய விவரம் வரிசையாக வருகிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நம் கணக்கில் பன்னிரண்டரை சதவிகிதம். காசாகக் கட்ட முடியாதா, காசுக்கு மூன்று குறுணி நெல்லாக அளந்துவிடு. எதுவரைக்கும்? சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும். கடைசித் தவணைத் தேதி என்று ஒன்றே இல்லாத கடன்! அசலைத் திருப்பிக் கொடு என்று யாரும் வந்து நிற்கப்போவதில்லை. வட்டி நின்றால் சாமிக்கு விளக்கு நின்றுவிடும், அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும். வட்டி விகிதத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி கல்லில் வெட்டிவைத்தார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் பிற்பாடு நிரப்பிக்கொள்கிற பழக்கம் ராஜராஜனுக்கு இல்லை. இன்றைய கடன் கம்பெனிகள் பொடி எழுத்தில் பதினேழாம் பக்கத்தில் போடுவதை அவர் ஆள் உயர எழுத்து வரிசையில் போட்டிருக்கிறார்.

இனி பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னைக்கு வருவோம். கதை சூடு பிடிப்பது இங்கேதான். இங்கே அரசாங்கமும் வட்டிக்காரரும் ஒரே கோட்டைக்குள் குடியிருந்தார்கள்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனியின் தயவில் பட்டத்தில் நிலைத்தவர். தயவுக்குக் கம்பெனி பில் போட்டது. போர்ச் செலவு, பட்டாளச் செலவு எல்லாம் நவாப் கணக்கில். கட்டுவதற்குக் கையில் பணமில்லை. நவாப் சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பெனியின் எழுத்தர்கள், வியாபாரிகள், கவுன்சில் மெம்பர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள் ஹுசூர்! கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனியின் ஊழியரிடமே கடன் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார் நவாப். வட்டி 20, 25, சில சமயம் 36 சதவிகிதம் வரை போனது. அடமானத்துக்கு நவாபிடம் இருந்தவை ஊர்கள்தான். இந்தச் சீமையின் வரி உனக்கு, அந்தச் சீமையின் நெல் உனக்கு என்று எழுதிக்கொடுத்தார். உழவன் நாற்று நடும்போதே அறுவடை யாரோ ஒரு துரையின் பெட்டிக்குள் போய்விட்டது. நடுவில் சேப்பாக்கத்தில் ஓர் அரண்மனை வேறு கட்டிக்கொண்டார். கடன் வாங்குகிறவர் கொஞ்சம் பகட்டாக இருந்தால்தான் மேலும் கடன் கிடைக்கும் என்பது நவாபுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தத் துரைமார்களில் பால் பென்ஃபீல்டு தனி ரகம். 1764-இல் கம்பெனியின் கட்டட வேலைக்காகச் சென்னையில் வந்திறங்கியவர். செங்கல் சுண்ணாம்புக் கணக்குப் பார்க்க வந்த மனிதர், வட்டிக் கணக்கில் இன்னும் உயரமாகக் கட்டலாம் என்று கண்டுகொண்டார். 1773-இல் கம்பெனிப் பட்டாளத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டனில் இருந்த டைரக்டர்களுக்கு இது ஒப்பவில்லை. தஞ்சை மராட்டிய அரசர் துளஜாவிடமே ஊரைத் திருப்பி ஒப்படைக்கும்படி ஜார்ஜ் பிகாட்டை கவர்னராக அனுப்பினார்கள். 1776-இல் அவர் ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்டு சீட்டை நீட்டினார். தஞ்சாவூர் வருவாயின் மேல் நவாப் எனக்குப் பாத்தியதை எழுதிக்கொடுத்திருக்கிறார், தனி ஆட்கள் தர வேண்டிய பாக்கியும் இருக்கிறது, மொத்தம் 2 லட்சம் பவுனுக்கு மேல் வர வேண்டும் என்றார். கம்பெனி கொடுத்த சம்பளத்தில் அவ்வளவு சேர்க்க வேண்டுமானால் அந்த மனிதர் இன்னும் சில ஜென்மம் எடுத்தாக வேண்டும். பிகாட் ஆதாரத்தைக் காட்டு என்றார்.

கேட்கக் கூடாத கேள்வி அது. நவாபிடம் பாக்கி வர வேண்டியவர்கள் கோட்டை முழுக்க இருந்தார்கள். கவுன்சிலில் பெரும்பான்மை கவர்னருக்கு எதிராகத் திரும்பியது. 1776 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரையே வழிமறித்துக் கைது செய்து பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். கடன்காரனைப் பிடித்துவைக்கிற வட்டிக்காரரைப் பார்த்திருக்கிறோம். கணக்குக் கேட்ட கவர்னரைப் பிடித்துவைத்த வட்டிக்காரர்களைச் சென்னைதான் பார்த்தது. அடுத்த மே மாதம் பிகாட் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். கைது செய்த கவுன்சிலர்கள் நால்வருக்கு லண்டன் நீதிமன்றம் 1780-இல் தலைக்கு 1,000 பவுன் அபராதம் போட்டது. அதே ஆண்டு பென்ஃபீல்டு பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். சட்டம் இயற்றுகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டால் சட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை பாருங்கள்.

நவாபின் கடன் எதுவும் விசாரிக்கப்படவில்லை. லண்டனில் கம்பெனியை மேற்பார்க்க உட்கார்ந்திருந்த வாரியம், எல்லாவற்றையும் கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட நவாப் சீமையின் வருவாயிலிருந்து கட்டு என்று உத்தரவு போட்டுவிட்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் நின்று மணிக்கணக்காகக் கத்திப் பார்த்தார். ஓட்டெடுப்பில் தோற்றார். தமிழ் நாட்டு வயல்கள் கட்டின.

கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும் என்ன ஆயிற்று? 1801-இல் கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டபின் புதிதாகக் கடன் சீட்டுகள் முளைத்தன. இந்தத் தடவை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1814 வரைக்கும் வந்த கோரிக்கைகள் 2 கோடி பவுனுக்கு மேல். தேறியது சுமார் 13 லட்சம். மிச்சமெல்லாம் பொய்ச் சீட்டு! கடைசியில், கடைசி நவாப் போன பிறகு, சேப்பாக்கம் அரண்மனையே கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. எடுத்தது யார் என்கிறீர்கள்? சென்னை அரசாங்கம். எடுத்த கையோடு ஆபீஸ் போட்டது.

இதற்கிடையே கம்பெனியார் ஊருக்கு உபதேசமாக ஆண்டு வட்டி 12 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதற்கும் 1855-இல் மங்களம் பாடப்பட்டது. காரணம், இங்கிலாந்தில் வட்டி வரம்பு தப்பு என்ற ஞானம் பிறந்திருந்தது. பிறக்கவைத்தவர் ஜெரமி பெந்தம். 1787-இலேயே ரஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு கடுவட்டிக்கு ஆதரவாகக் கடிதம் கடிதமாக எழுதிப் புத்தகம் போட்டார். புத்தி தெளிந்த ஒருவன் தன் நன்மை தெரிந்து ஒப்புக்கொள்கிற வட்டியில் அரசாங்கம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்பது வாதம். தாராள வாணிபத்தின் தந்தை ஆடம் ஸ்மித்தே வட்டிக்கு வரம்பு வேண்டும் என்றிருந்தார். சீடர் குருவைத் திருத்தினார். இங்கிலாந்தில் 1854-இல் வரம்பு போயிற்று, அடுத்த ஆண்டே இங்கேயும் போயிற்று. ரஷ்யாவில் எழுதி லண்டனில் அச்சடித்த தத்துவம் புனே பக்கத்துக் குடியானவன் தலையில் வந்து விழுந்தது.

அவன் புத்தி தெளிந்தவன்தான். தன் நன்மையும் தெரிந்தவன்தான். ஆனால் அவன் கையில் ஒரு பேனாவும் கிடையாது, பக்கத்தில் கடன் கொடுக்க வேறு ஆளும் கிடையாது. வரியோ ரொக்கமாகக் கட்ட வேண்டும். மழை வந்தாலும் வராவிட்டாலும் தாசில்தார் வருவார். சாவுகாரிடம் போனான், வாங்கினான், காட்டிய இடத்தில் ரேகை வைத்தான்.

வட்டி மலையாக ஏறுவதைப் பார்த்த அரசாங்கம், 1859-இல் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தது. கடன் பத்திரம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் வழக்குப் போடாவிட்டால் போச்சு என்று காலவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடனை ஆயுசு முழுக்கத் தூக்கித் திரிய வேண்டாம் என்பது நோக்கம். சாவுகார் சட்டத்தைப் படித்தார், வணங்கினார், மூன்றாம் ஆண்டு முடிகிற சமயத்தில் குடியானவனைக் கூப்பிட்டார். பழைய அசல், ஏறிய வட்டி இரண்டையும் கூட்டிப் புது அசலாக்கிப் புதுப் பத்திரம் எழுதினார். அதற்கு முதலிலிருந்து வட்டி. மூன்றாண்டுக்கொரு முறை வட்டி குட்டி போட்டு, குட்டியும் பால் கொடுக்க ஆரம்பித்தது. அரசாங்கம் போட்ட வேலியே பயிரை மேய்வதற்கு வழி காட்டியது. 100 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி போட்டிருந்த ஒரு கணக்கைப் பின்னால் விசாரணைக் கமிஷனே பார்த்தது.

இந்தச் சமயத்தில் அமெரிக்காக்காரன் வேறு தன் பங்குக்குச் சண்டை போட்டுக்கொண்டான். 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் வந்து பருத்தி வரத்து நின்றது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்தன. தக்காணத்தில் பருத்தி போடுகிறாயா, ஏக்கருக்கு 100 ரூபாய் முன்பணம் பிடி என்று சாவுகார்கள் வீடு தேடி வந்தார்கள். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை இறங்கியது, சாவுகாரின் முகம் மாறியது, கடன் கதவு சாத்தப்பட்டது. அரசாங்கம் பார்த்தது: சரி, இதுதான் வரியை உயர்த்தச் சரியான நேரம் என்று 50 முதல் 100 சதவிகிதம் வரை உயர்த்தியது. அரசாங்கங்களுக்கென்றே ஒரு நேர உணர்ச்சி இருக்கிறது.

1875 மே 12. புனே மாவட்டத்தில் சுபா என்கிற சந்தை ஊர். சுற்று வட்டாரக் குடியானவர்கள் திரண்டு வந்து சாவுகார்களின் கடைகளில் புகுந்தார்கள். அவர்கள் தேடியது கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும். வெளியே கொண்டுவந்து கொளுத்தினார்கள். தானியக் கடையும் துணிக்கடையும் சூறையாடப்பட்டன. சில வீடுகளும் எரிந்தன. கலகம் அகமதுநகர் வரை ஊர் ஊராகப் பரவியது. பத்திரத்தைப் பேசாமல் எடுத்துக் கொடுத்த சாவுகார்கள் பெரும்பாலும் சேதமின்றித் தப்பினார்கள். படிக்கத் தெரியாத அந்த ஜனங்களுக்கு எந்தக் காகிதத்தை எரிக்க வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பெந்தம் இருந்திருந்தால், தன் நன்மை தெரிந்த மனிதர்கள் என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

அரசாங்கம் வழக்கம்போலக் கமிஷன் போட்டது. அரசாங்கம் நியமித்த கமிஷன், அரசாங்கத்தின் வரி காரணமில்லை, சாவுகாரே காரணம் என்று கண்டுபிடித்தது. வேறு யாரைக் கண்டுபிடிக்கும்? 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே நம்பாமல் கடனின் பூர்வீகத்தையே நீதிபதி தோண்டலாம்; விவசாயியைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது. உள்ளபடி நல்ல சட்டம். சாவுகாரும் அப்படித்தான் நினைத்தார். இனி அடமானம் வேண்டாமப்பா, நிலத்தை எனக்கு விற்றதாகவே கிரயம் எழுதிக்கொடு, கடன் அடைந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன் என்றார். கடனே இல்லாதபோது கடன் சட்டம் எங்கிருந்து வரும்?

வட்டிக்காரரைச் சட்டத்தால் பிடிக்க முடியாது, போட்டிக் கடை போட்டுத்தான் பிடிக்க முடியும் என்று தோன்றிய ஓர் ஆள் நம் சென்னை மாகாணத்தில் இருந்தார். பிரெடரிக் நிக்கல்சன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி. 1890-களில் ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்துவிட்டுத் தலையணை கனத்துக்கு இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்று ஒருவர் நடத்திக் காட்டியிருக்கிறார், அந்த மாதிரி ஆளைத் தேடுங்கள் என்பதுதான் சாரம். அரசாங்கம் தேடி, 1904-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தைக் கண்டெடுத்தது. அதே ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. பலன்? 1951-52-இல் ரிசர்வ் வங்கி ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. விவசாயிகள் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் கூட்டுறவின் பங்கு 3 ரூபாய் சொச்சம். வட்டிக்காரர்களின் பங்கு கிட்டத்தட்ட 70. கடை திறந்து ஐம்பது வருஷம், வியாபாரம் மூன்று ரூபாய்!

இரண்டுக்கும் நடுவில் ராஜாஜி வந்தார். சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938. மதுவிலக்கை சேலத்தில் ஆரம்பித்த கையோடு இதையும் செய்தார். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனா, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி அத்தனையும் ரத்து. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா, கடனே தீர்ந்தது, வீட்டுக்குப் போ. இனி வாங்கும் கடனுக்கு ஆண்டுக்கு ஆறேகால் சதவிகிதம், தனி வட்டி. மிட்டாதார்களும் பணக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். அப்புறம் சட்டத்தை இரண்டாம் முறை படித்துப் பார்த்து, அடடே, நாமும் விவசாயிதானே என்று கடன் பட்ட மிராசுதார்களும் வரிசையில் நின்றார்கள். யார் விவசாயி என்பதைத் தீர்மானிப்பதே வக்கீல்களுக்கு நல்ல வெள்ளாமை ஆயிற்று.

சட்டத்தில் ஒரு சின்ன விலக்கு இருந்தது. வேறு சொத்தில்லாத ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய 3,000 ரூபாய்க்குள்ளான கடனை இந்தச் சட்டம் தொடாது. அக்ரகாரமானாலும் பிள்ளைமார் தெருவானாலும் கணவனை இழந்த பெண்ணுக்குக் கையிலிருந்த கொஞ்சப் பணத்தை வட்டிக்கு விட்டு அரிசி வாங்குவதுதான் பிழைப்பு. சட்டசபையில் கை தூக்கியவர்கள் வீட்டிலும் அத்தைமார்கள் இருந்தார்கள். வட்டிக்காரர் என்றால் மீசை முறுக்கிய ஆள்தான் என்று நினைக்காமல் ஒரு சட்டம் எழுதப்பட்டது அந்தத் தடவைதான் என்று தோன்றுகிறது. மீசைக்காரர் சும்மா இருந்தாரா? ஆயிரம் கொடுத்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு நோட்டு எழுதினார். அசலுக்குள்ளேயே வட்டியை வைத்துத் தைத்துவிட்டால் ஆறேகால் சதவிகிதம் யாரை என்ன செய்யும்?

பிறகு அடகுக்கடைச் சட்டம் 1943, வட்டித் தொழில் சட்டம் 1957, எமர்ஜென்சியில் இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்தில் கடன் வசூலுக்குத் தடை, அதைத் தொடர்ந்து மாநிலத்துக்கு மாநிலம் கடன் நிவாரணச் சட்டங்கள் என்று வரிசை நீள்கிறது. அதையெல்லாம் சொன்னால் நீங்கள் என்னிடம் பட்ட கடன் மாதிரி ஆகிவிடும். 2003-க்குத் தாவுகிறேன்.

அந்த ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு பெரிய சினிமாத் தயாரிப்பாளர் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன் தொல்லை என்று பேச்சு எழுந்தது. அதற்கு முன் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அப்படிப் போனபோது அசையாத கோட்டை, ஜூன் மாதமே அவசரச் சட்டம் போட்டது. அதுதான் கந்துவட்டித் தடைச் சட்டம். தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஐந்தையும் பெயர் சொல்லித் தடுத்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். தெருவில் புழங்கிய அத்தனை ரகமும் அரசிதழில் ஏறிவிட்டதால், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

தண்டலை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன். கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். சாயங்காலம் பைக்கில் ஒரு பையன் வருவான்; நோட்டை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சின்ன அட்டையில் ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போவான். பதினைந்து பர்சென்ட்தானே அக்கா, பேங்க்கில் இதைவிட அதிகம் என்பார் கொடுத்தவர். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 120 சதவிகிதம் வருகிறது. கௌடில்யர் காட்டு வழி வியாபாரிக்குப் போட்டதும் ஆண்டுக்கு 120-தான். அதிகாலையில் கோயம்பேட்டில் கத்தரிக்காய் எடுத்து வந்து தள்ளுவண்டியில் விற்கிற அம்மாவுக்கும் அதே கட்டணம். புலிக்குப் பதில் மாநகராட்சி லாரி.

அதே அம்மாவிடம் தண்டலைத் தடை செய்துவிட்டோம் என்று போய்ச் சொன்னால், நாளைக் காலை நாலு மணிக்கு நீ தருவாயா 8,500 என்று கேட்பார். ஈடு கேட்காமல், ஆதார் நகல் கேட்காமல், மேனேஜர் லீவு என்று சொல்லாமல் தருகிற ஆள் அவருக்கு அந்தப் பைக்காரர் ஒருவர்தான்.

இது நம்மூர்ச் சாபக்கேடு என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் இருக்கிறது. சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்க இரண்டு வாரக் கடன் கொடுக்கிற கடைகள் அங்கே மூலைக்கு மூலை. 2008-இல் ஆண்டு வட்டி 28 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கடைக்காரர்கள் பொதுஜன வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். ஜனங்கள் பெரும்பான்மையாக நின்று சட்டத்தையே ஆதரித்தார்கள். அப்புறம்? புதுச் சட்டத்தின்கீழ் ஒரு கடைகூட உரிமம் வாங்கவில்லை. பலரும் வீட்டு அடமானக் கடன் கம்பெனிக்கான பழைய உரிமத்தை வாங்கிக்கொண்டு அதே கடையில் அதே கடனைக் கொடுத்தார்கள். 300 டாலர் கைமாற்று, காகிதத்தில் வீட்டுக் கடன்! 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம், சட்டப்படி இது செல்லும் என்றது. 2018-இல் அந்தச் சட்டசபையின் சபாநாயகர் பதவி விலகினார்; கடன் கம்பெனிகளுக்காகத் தூது போகிறவர்களும் உடன் இருந்த லண்டன் பயணம் பற்றி எஃப்.பி.ஐ. விசாரித்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலியானபின் ஓட்டையை அடைக்கிற சட்டம் நிறைவேறியது. நம் பென்ஃபீல்டுக்குப் பேரப்பிள்ளைகள் ஓஹையோவில் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

பைக்கில் வந்த பையன் இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டான். ஏழு நாள் கடன், முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் ‘பிராசஸிங்’ கட்டணம், எட்டாம் நாள் உங்கள் மாமனாருக்கும் ஆபீஸ் மேனேஜருக்கும் போன். 2021-இல் ரிசர்வ் வங்கியின் குழு எண்ணிப் பார்த்தபோது சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதம். 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. கடன் பணம் நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியை முதலிலேயே சொல்ல வேண்டும், போனில் உள்ள பெயர்ப் பட்டியலைத் தொடக் கூடாது. ராஜராஜன் கல்லில் வெட்டியதை ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் சொல்வதற்கு ஆயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது.

அதே 2022-இல் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. ஏப்ரல் 1 முதல் மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இருந்த வட்டி வரம்பை ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. நியாயமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளின் நிர்வாகக் குழுவிடமே விட்டுவிட்டது. ஜூனில் தமிழ்நாடு காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று வேட்டைக்குக் கிளம்பியது. டெல்லியும் மும்பையும் 1855-இல் இருக்க, சென்னை 2003-இல் இருக்கிறது.

எனவே கையெழுத்துப் போடப்போகிறவர் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் இரண்டே இரண்டு தொகையைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்று கைக்கு எவ்வளவு வரும், கடைசி நாள்வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவருக்கு 2003 சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் பணத்தை நீதிமன்றத்தில் கட்டி மனுப் போடலாம். கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வைத்திருந்தால் வக்கீலுக்கு வேலை குறையும்.